கால் மடக்கிய துரியோதனன்

மாப்ளே,

இன்று காலை பெய்தது மழையே இல்லை. வானத்தில் எங்கோ ஓர் ஏரி உடைந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு நேராகத் தரைப்பாலத்துக்குப் போனேன். நம் ஓடை இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. பாலத்தின் மேல் நின்று மூக்கை நீட்டி நன்றாக இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஈர மண் வாசனை, கரையில் நிற்கிற ஆவாரஞ்செடியின் பச்சை வாசனை, அவ்வளவுதான்.

அந்த ஒன்றும் வராததுதான் உன்னைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

உனக்கு நினைவிருக்கும். ஒசூர் பஸ் நம் ஊரை நெருங்கும்போதே ஜன்னல்களெல்லாம் சாத்திக்கொள்ளும். கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லவே மாட்டார். "மூக்குப்பொத்தி எறங்கறவங்க எழுந்து வாங்க" என்பார். விலை விழுந்த நாளில் மண்டியிலிருந்து திரும்பி வருகிற தக்காளி முழுக்க அந்த ஓடையில்தான் விழும். தக்காளி அழுகினால் எப்படி நாறும் என்று ஒசூர்க்காரனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இன்றைக்கு அதே பஸ் பாலத்தின் மேல் போனபோது ஒரு பிள்ளை ஜன்னலில் கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. கண்டக்டர் ஊர்ப் பேரை முழுசாக, மரியாதையாகச் சொன்னார். மாவட்டத்திலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே இவ்வளவு சுத்தமான ஓடை வேறு எங்கும் கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய். "பெட்டியக் கழிச்சுட்டு சொல்லு மாமா" என்றிருப்பாய்.

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிக்கு எடை போட்ட கை உன்னுடையது. தராசில் ஏற்றும்போது பெட்டியோடு ஏற்றுவார்கள். எழுதும்போது பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு எழுதுவாய். அந்தப் பழக்கத்தை மண்டியோடு விட்டுவிட்டு வராமல் என் வாய் வரைக்கும் கொண்டுவந்தாய். கரும்புக் காட்டில் கரடியை விரட்டினேன் என்று நான் சொன்னால், நீ பெட்டியைக் கழிப்பாய். கடைசியில் அது ஒரு கறுப்பு நாயாக வந்து நிற்கும். ஊர் முழுக்க என்னை மாமா என்று கூப்பிட்டாலும், என்னை எடை போட்டவன் நீ ஒருத்தன்தான். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்பதை மற்றவர்கள் மறந்துபோகும் அளவுக்குப் பேசத் தெரிந்தவன். நீ மட்டும் மறக்கவில்லை.

ஓடைக் கமிட்டியில் நான் தலைவர். நீ, மற்ற எல்லாம்.

ஒன்றிய ஆபீசுக்கு நாம் போன அன்றைக்கு நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூடி திறக்காத பேனா. ஆபீசே எழுந்து நின்றது. சரி, ஒருத்தர் எழுந்தார், அவரும் டீ வாங்கப் போனார். இன்ஜினியரம்மா நாற்காலியைக் காட்டினார். சின்ன வயசு, கண்ணில் களைப்பு, மேசையில் நம்மைப் போல எத்தனையோ ஊர். ஊர் ஒரு பங்கு கட்டினால் அரசாங்கம் மீதியைப் போடும், ஓடையைத் தூர் வாரி, ஓடைத் தெருவில் வாய்க்காலும் கட்டித்தரலாம் என்றார். நான் உடனே, "கட்டிடலாம் மேடம், எங்க ஊருக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்றேன். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

"தூர் வாரறது பெருசில்லங்க," என்றார் அந்த அம்மா. "அடுத்த வருசம் யாரு வாருவாங்க? வாரிக் குடுத்த ஓடை எல்லாம் மறு வருசமே மண்ணு மூடிக் கெடக்குது. பராமரிப்புக்கு என்னா ஏற்பாடு? அத முடிவு பண்ணிச் சொல்லுங்க. அப்பறம்தான் ரெண்டாவது தவணை."

"எங்க ஊரு மண்ணு அப்டிப்பட்டது இல்லைங்க மேடம்," என்றேன் நான்.

"மண்ணுதாங்க பிரச்சினையே," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாய். காரிமங்கலம் சந்தைக்குப் போகிற ஆடு ஒன்று உன் மடியில் தலை வைத்துக்கொண்டு வந்தது, அதைக்கூட நீ தள்ளவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாய்: "பாரதத்துக்கு வரி போடறதுக்குக் கூட்டம் கூடுதில்ல, அங்க கேப்போம்."

அங்கே கேட்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன் என்று இப்போது ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

நம் ஊரில் எதற்குக் காசு சேராவிட்டாலும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குச் சேரும். பாரதக் கூத்து நடக்கிற நாளெல்லாம் ஊரில் அடுப்பு எரியாவிட்டாலும் கூத்து மேடையில் விளக்கு எரியும். கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணாலேயே துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்கவைத்து, பீமன் வேசம் கட்டியவன் வந்து அவன் தொடையில் அடித்துப் பிளந்தால்தான் அம்மன் விரித்த கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் அந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டுபோய் அவரவர் வயலில் போட்டால் விளையும் என்பது நம்பிக்கை. உன் அப்பன் பீமன். அவருக்கப்புறம் நீ பீமன். தை பிறந்ததும் உன் நடையே மாறும். தராசுப் பக்கத்தில் நிற்கும்போதுகூட ஒரு தோள் உயர்ந்திருக்கும். மண்டிக்கு வருகிற கேரளா வியாபாரிகள், "இந்த ஆளுக்கு என்ன கோபம்?" என்று கேட்பார்கள். கோபம் இல்லை, வேசம் வந்துகொண்டிருக்கிறது என்று நான் விளக்குவேன்.

கோயில் கூட்டத்தில் நீ எழுந்து, இந்த வருசம் வாணவேடிக்கையும் பாட்டுக் கச்சேரியும் வேண்டாம், அந்தக் காசு ஓடைக்கு என்றதும், மேலத் தெரு பெரிய வீட்டுக்காரர் துண்டை உதறினார்.

"சாமி வரியில சாக்கடை வெட்டறதா? பக்கத்து ஊர்க்காரன் நம்ம அம்மனுக்கு சாக்கடை அம்மன்னு பேரு வெப்பான், தெரியுமில்ல?"

"இப்ப மட்டும் என்னாங்க பேரு? மூக்குப்பொத்தி அம்மன்," என்றாய் நீ. கூட்டம் சிரித்தது. பெரிய வீட்டுக்காரரும் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். "வானத்துல வெடிச்சுப் போற காசு. அத ஒரு தடவ தண்ணியில வுட்டுப் பாப்போமுங்க."

அப்போதுதான் ஓடைத் தெரு முனியம்மா அக்கா எழுந்தாள். ஊரிலேயே தாழ்வான வீடு அவளுடையது. மழை என்றால் அரிசிப் பானையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, தான் கல்லில் உட்கார்ந்திருப்பாள்.

"குடுக்கறோம் தம்பி. போன தடவயும் வாய்க்கா வெட்டறன்னு வாங்கனாங்க. வெட்டனது எங்கன்னு தெரியல. தண்ணி வந்து என் அடுப்புல உக்காந்துகிட்டு எந்திரிக்கவே இல்ல. இப்ப நீ என்னா சொல்ற?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது; வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அம்மன் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய்.

"இந்த வருசம் ஓடத் தண்ணி உன் வாசப்படி ஏறினா, நான் இனிமே பீமன் வேசம் கட்டமாட்டேன்க்கா."

பெரிய வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதிக்கப்பா" என்றார். முனியம்மா அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஊரின் பங்கு அன்றைக்கே சேர்ந்துவிட்டது. பணம் போட்டது ஊர்தான், ஆனால் அடமானம் வைத்தது நீ. வைத்த பொருள் உன்னிடம் இருந்ததிலேயே பெரியது.

பொக்லைன் வந்தது. ஓடைத் தெருவுக்கு ஒரு மண் வாய்க்காலைக் கீறிவிட்டு, ஓடைக்குள் இறங்கி அள்ள அள்ள, எத்தனை வருசத்து மண், எத்தனை வருசத்துத் தக்காளி, யாருடைய செருப்போ, ஒரு சைக்கிள் சக்கரம். மண்ணைக் கரையில் கொட்டினால் மறுபடி ஓடைக்கே போகும். லாரியில் ஏற்றினால் வாடகை ஓடையைவிடப் பெரிதாகிவிடும். நாற்ற மண் என்று எவனும் தன் நிலத்தில் கொட்ட விடவில்லை. நீ கரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாய்.

அந்த நேரத்தில்தான், மாப்ளே, என் தலையில் அது உதித்தது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. "துரியோதனன்!" என்றேன். "வருசா வருசம் படுகளத்துக்கு மண்ணு எங்கிருந்தோ வெட்டிக் கொண்டாரோம். இந்த மண்ண வெச்சே செய்வோம். முடிஞ்சதும் ஊரே எடுத்துக்கிட்டுப் போயிடும். லாரி எதுக்கு?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். கொஞ்ச நேரம் தராசு முள் நிற்பதற்குக் காத்திருக்கிறவன் மாதிரி பார்த்தாய். அப்புறம் சொன்னாய்: "இதுல பெட்டியே இல்ல மாமா. எல்லாம் சரக்கு."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். சட்டம் போட்டு மாட்டாதது ஒன்றே குறை.

அந்த வருசத்துத் துரியோதனன் மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நம்மிடம் மண் இருந்தது. பக்கத்து ஊர்க்காரன் அவன் ஊர்த் துரியோதனனைப் படமெடுத்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தான். விடுவேனா? மார்பு ஒரு குன்று. மீசை ஒவ்வொன்றும் ஏர்க்கலப்பை நீளம். நீ மண்டிக்குக் கிளம்பும்போது திடலின் ஓரத்தைக் காட்டி, "கால நீட்டாத மாமா. ஓடத் தெரு வாய்க்கா அங்கதான் ஓடையில வுழுது" என்றாய்.

"துரியோதனன் என்னா மொடமா? நீட்டிப் படுத்தாத்தான்டா ராசா."

"ராசா தலைப்பக்கம் நீளட்டும்."

நீ போனாய். தலைப்பக்கம் வேப்பமரம். ராசாவை வேறு எந்தப் பக்கம் நீட்டுவது? கால் வாய்க்காலின் வாய்க்கு மேலேயே போய்ப் படுத்தது. அப்படியே விட்டுவிட நான் என்ன விவரம் தெரியாதவனா? காலுக்கடியில் ஒரு பைப் வைத்தேன். எந்த இன்ஜினியருக்கும் அது தோன்றியிருக்காது. நீ திரும்பி வந்து பார்த்தபோது ஊரே அண்ணாந்து நின்றது. குழந்தைகள் கட்டைவிரலின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ பைப்புக்குள் குனிந்து பார்த்தாய். ஊரின் சந்தோஷத்தைப் பார்த்தாய். பைப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாய்.

படுகளத்தன்று காலை துரியோதனனுக்குக் கண் திறந்த கையோடு கோடை மழை இறங்கியது. சாமி கரைந்துவிடக்கூடாது என்று நான் ஓடிப்போய் தக்காளி லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூடினேன். துரியோதனன் கெட்டியாக, நனையாமல், கரையாமல் படுத்திருந்தான். பைப்பும் நல்ல பைப்தான். தக்காளிச் செடித் தழை வந்து அடைத்துக்கொண்டால் பைப் என்ன செய்யும்?

ஓடைத் தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஓடை சுத்தமாக, காலியாக, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. தெருவுக்கும் ஓடைக்கும் நடுவே துரியோதனனின் கால்கள். பொக்லைனைக் கூப்பிட்டோம். அது திடல் ஓரத்துச் சேற்றில் இறங்கி, ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றுவிட்டது. மழைச் சத்தத்துக்கு மேல் முனியம்மா அக்காவின் குரல் கேட்டது.

"தம்பீ! கீழ்ப்படி மூழ்கிடுச்சு! வாசப்படிதான் பாக்கி!"

நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு துரியோதனனிடம் நடந்தாய். கூத்து வாத்தியார் கோயிலிலிருந்து ஓடிவந்து குறுக்கே கையை விரித்தார். அவர் வீட்டில் கன்னடம். பதறினால் அதுதான் முதலில் வரும்.

"பேடா! பேடப்பா! வேணாம்பா! படுகளம் சாயங்காலம். மேளம் இல்ல, பாட்டு இல்ல, அரிதாரம் பூசல. வேசம் கட்டாம தொட்டா நீ பீமன் இல்ல, சாமியக் கலைச்சவன்!"

பெரிய வீட்டுக்காரர் குடைக்குள்ளிருந்து சொன்னார்: "வெட்டுனா வெட்டிக்கோ. ஆனா அப்பறம் எந்த ஊரு மேடையிலும் நீ பீமனோட கதாயுதத்த எடுக்க முடியாது. ஊரு வுடாது. நானே நெனச்சாலும் முடியாது."

வெட்டினால் பீமன் போனான். வெட்டாமல் தண்ணீர் வாசற்படி ஏறினாலும் பீமன் போனான். நீ மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றாய். ஆனால் உன் கண் துரியோதனன் மேலேயும் இல்லை, கோயில் மேலேயும் இல்லை. ஓடைத் தெரு மேலே இருந்தது. உனக்குள் முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். அத்தனை வருசத்தில் நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. இந்த ஒரு தடவை பெட்டியோடு குடு மாமா என்று கேட்கிற பார்வை.

நான் மைக் இருந்த கொட்டகைக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் பந்தயக் குதிரை ஓட்டம். கரண்ட் இல்லை, பேட்டரியில் இருந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"ஊர் மக்களே! படுகளம் சாயங்காலம் இல்ல, இப்பவே! பீமசேன மகாராசா வந்துட்டாரு! அவரு யாரு? வாயு பகவானோட புள்ள! காத்தோட புள்ள வரும்போது காத்தும் மழையும் வராம வெயிலா வரும்? எத்தன வருசமா வெயில்ல வெச்சுப் படுகளம் நடத்தனோம், இன்னிக்குத்தான் அவங்க அப்பனே கூட வந்திருக்காரு! மேளத்த எடுங்க! வாங்க, வாங்க!"

என் குரல் அதியமான்கோட்டை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். மேலத் தெரு வரைக்கும் கேட்டது நிச்சயம். கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டும், முறத்தைக் கவிழ்த்துக்கொண்டும் ஊர் திடலுக்கு வந்தது. கூத்து வாத்தியார் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மழை அவர் வாய்க்குள்ளேயே விழுந்தது. காற்று ஒரு சுற்று சுற்றி வேப்பமரத்தைக் குலுக்கியது. அவருடைய முகம் மெல்ல மாறியதை நான் மைக்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுவும் சரிதானே," என்றார் வாத்தியார். இடுப்பிலிருந்து தாளத்தை எடுத்தார்.

"அரிதாரம்?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் குனிந்து, ஓடையிலிருந்து வந்த அதே சேற்றில் இரண்டு கை அள்ளி உன் முகத்தில் பூசினேன். நெற்றி, கன்னம், மீசை, ஒன்றையும் விடவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாய். கண்ணைத் திறந்தபோது எனக்கே ஒரு எட்டு பின்னால் போகவேண்டியிருந்தது. திரௌபதி வேசக்காரன் பாதிச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூந்தல் விரிந்து, செருப்போடு ஓடிவந்தான். வாத்தியார் பாட்டை எடுத்தார். மத்தளம் நனைந்து சத்தமே எழவில்லை. ஊர் கையைத் தட்டித் தாளம் கொடுத்தது.

"கதையில்லாத பீமனா?" என்றார் பெரிய வீட்டுக்காரர். ஆனால் குடையை மடக்கிவிட்டுத்தான் கேட்டார்.

"கமிட்டி கதைங்க இது," என்று மண்வெட்டியை உயர்த்திக் காட்டினாய்.

மூன்று சுற்று சுற்றினாய். அடித்தாய். தொடைக்குள் வைத்திருந்த குங்குமத் தண்ணீர்ப் பானை உடைந்து சிவப்பு பாய்ந்தது. திரௌபதி கூந்தலை நனைத்து முடிந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். சடங்கு முடிந்தது; கால் இன்னும் முடியவில்லை. மண்வெட்டி ஒன்று எத்தனை மண்ணைத் தள்ளும்? நான் மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

"கைப்பிடி மண்ணு எடுத்த காலம் போச்சு! பீமன் அடிச்ச மண்ணு, வாயு பகவான் நனைச்ச மண்ணு! கூடையில அள்ளுங்க! சட்டியில அள்ளுங்க! வயல்ல போட்டா தக்காளி தேங்கா பருமன்ல காய்க்கும்! கால்ல இருந்து அள்ளுங்க, காலுதான் விசேசம்!"

ஊர் விழுந்தது பார், மாப்ளே. கூடை, அன்னக்கூடை, தக்காளிப் பெட்டி, ஒருத்தி தன் வீட்டு இட்லிக் குண்டானையே கொண்டுவந்துவிட்டாள். நாற்ற மண் என்று நிலத்தில் கொட்ட விடாதவர்களெல்லாம், "எனக்கு வுடு, எனக்கு வுடு" என்று முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒரு ஆளைக் கூட்டிவந்து கட்டைவிரலுக்கு இடம் பிடித்தார். துரியோதனனின் வலது கால் கரைந்தது, இடது கால் கரைந்தது, பைப் வெளியே வந்து ஓரமாக உருண்டது. தெருத் தண்ணீர் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, மடமடவென்று ஓடையில் போய் விழுந்தது.

நீ ஓடைத் தெருவுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். முனியம்மா அக்கா வாசலில் நின்றாள். தண்ணீர் வாசற்படியின் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது; கோடு தெரிந்தது.

"ஏறலியேக்கா?" என்றாய். சேறு வழிகிற முகம், குரல் மட்டும் சின்னப் பிள்ளையுடையது.

"ஏறல," என்றாள். "எட்டிப் பாத்துச்சு. நீ வர்றதப் பாத்துட்டு எறங்கிடுச்சு. மூஞ்சக் கழுவு, பாக்கவே பயமா இருக்குது."

கொஞ்ச நாள் கழித்து இன்ஜினியரம்மா வந்தார். ஓடையைப் பார்த்தார், திடலைப் பார்த்தார், திகைத்தார். "வாரின மண்ணு எங்கங்க?"

"வயலுக்குப் போயிடுச்சு மேடம்," என்றாய்.

"எந்த லாரியில?"

"ஊரு தலையிலங்க."

"சரி, அடுத்த வருசம்? பராமரிப்புக்கு?"

"துரியோதனன் பாத்துக்குவாருங்க."

அந்த அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஓடைக்குள் இருந்த முதலையைப் பற்றிச் சொல்லும்போது, நீ என்னை நகர்த்திவிட்டு நேராகச் சொன்னாய். வருசா வருசம் பாரதத்துக்கு முன்னால் ஓடையைத் தூர் வாருவோம், அந்த மண்ணில் சாமி செய்வோம், அடித்து முடித்ததும் மண் வயலுக்குப் போய்விடும், தனியாக யாரிடமும் காசு கேட்கவேண்டியதில்லை. அவர் கேட்டுக்கொண்டே எழுதினார். ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவை முன்னிட்டுத் தூர் வாரப்படும் என்று அவர் எழுதியதை நான் எழுத்துக்கூட்டி, சத்தமாக, மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தவணை வந்தது. ஓடைத் தெருவுக்கு சிமென்ட் வாய்க்கால் வந்தது. விலை விழுந்த தக்காளிக்குத் தனியாகக் குழி வெட்டினோம், அது எருவாகிறது. இப்போது எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வது தலைவர் வேலை.

மறு வருசம் துரியோதனனைச் செய்யும்போது நீ மண்டிக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டுத் திடலிலேயே உட்கார்ந்திருந்தாய். கால் செய்கிற நேரம் வந்ததும் என்னைத் தள்ளிவிட்டு நீயே இறங்கினாய். முழங்காலை மேலே தூக்கி, பாதத்தை உள்ளே இழுத்து மடக்கிவைத்தாய். வாய்க்காலின் வாய் விரியத் திறந்து கிடந்தது. அன்றையிலிருந்து இந்த மாவட்டத்திலேயே கால் மடக்கிப் படுத்திருக்கிற துரியோதனன் நம் ஊரில்தான். பக்கத்து ஊர்க்காரன் வந்து, "உங்க ஊரு ராசாவுக்கு மூட்டு வலியா?" என்று கேட்டான். பீமனைக் கண்ட பயத்தில் மடக்கினான் என்று நான் ஒரு வருசம் சொன்னேன். அம்மனுக்கு நேராகக் கால் நீட்டக்கூடாதென்று மடக்கினான் என்று இன்னொரு வருசம். நீ சேறு பூசிக்கொண்டிருப்பாய். அந்த வருசத்துக்கப்புறம் பீமனுக்கு முதல் பூச்சு ஓடைச் சேறுதான், அரிதாரம் அதற்கு மேலேதான் என்று ஊர் வழக்கமாகிவிட்டது. அந்த முகத்தோடு திரும்பி, "கழி, மாமா, கழி" என்பாய்.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். மண்டியில் ஒரு பெட்டியைத் தராசில் ஏற்றினாயாம், எடை எழுதினாயாம், உட்கார்ந்தாயாம். அவ்வளவுதானாம்.

என் அப்பன் போனதும் மழைக்காலத்தில்தான். சுடுகாட்டுக்கு ஓடைத் தெரு வழியாக, ஓடையைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்றைக்கு அவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு நாற்றத் தண்ணீரில் நடந்தோம். பின்னால் வந்த சொந்தபந்தம் பாதிப் பேர் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அந்த நடையை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் தவிர. நீயும் அதில் எதையும் கழித்ததில்லை.

உன்னைத் தூக்கிய அன்றும் விடாத மழை. முன்பக்கம் வலது தோள் என்னுடையது. ஓடைத் தெருவில் வாய்க்கால் நிறைய ஓடியது. தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் அவரவர் படியிலேயே நின்றார்கள். முனியம்மா அக்கா கீழ்ப்படி வரைக்கும் இறங்கிவந்து, "பீமன் போறான்" என்றாள். தரைப்பாலத்துக்குக் கீழே ஓடை முழங்கிக்கொண்டு போயிற்று. ஊர் முழுக்க அந்தக் கரைக்கு வந்தது. ஒருத்தரும் இந்தக் கரையில் நிற்கவில்லை.

இந்த வருசப் படுகளத்துக்குக் காலை மடக்கியது நான். யாரும் சொல்லவில்லை, நானே இறங்கினேன். வெளியூர்க்காரர் ஒருவர் வழக்கம்போல வந்து, "ஏனுங்க, காலு மடங்கியிருக்குது?" என்றார். என்னிடம் புதிதாக மூன்று கதை தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். தராசு முள் நிற்பதற்குக் காத்திருக்கிறவன் மாதிரி நீ எங்கோ நிற்கிறாய் என்று தோன்றியது. "தண்ணி போறதுக்குங்க" என்றேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்குக் காய்ச்சலோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றதிலெல்லாம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள், மாப்ளே. முதலையைக் கழி. அதியமான்கோட்டையைக் கழி. பந்தயக் குதிரையையும் கழித்துக்கொள். அத்தனை மழையில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தேன். என் வேட்டியின் கரையில் சேறு படவில்லை. அந்தத் தோள் கனம் இன்னும் இறங்கவில்லை. நிறுத்துப் பார்த்துக்கொள், அதில் பெட்டி இல்லை.